நாயனம் சாம்பிள்ல கமகம் (ஸ்வரத்த அசைச்சு வாசிக்கிறது) துண்டு துண்டா கேக்குது, உதவி வேணும்

கேள்வி:
வணக்கம் மக்களே. எங்க ஊர் கோயில்ல வாசிக்கிற வித்வான்கிட்ட கேட்டு அவரோட பாரி நாயனத்த (நீளமான வகை) கீபோர்டுல வாசிக்க சாம்பிள் எடுத்திருக்கேன், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட், ஒவ்வொரு ஸ்வரமும் நீட்டி ஊதினது. எந்த கீக்கு எந்த சாம்பிள்னு சொல்ற எஸ்எஃப்இசட் ஃபைல் எழுதி ஸ்போர்ஸாண்டோ பிளேயர்ல போட்டா தனி ஸ்வரம் அருமையா வருது, ஆனா தோடி ராகம் வாசிச்சா ஒவ்வொரு கீக்கும் "பேன்"னு புதுசா ஊத ஆரம்பிக்கிற சத்தம், ரிஷபத்துலேருந்து, கீபோர்டுல சுருதிய வளைக்கிற வீல திருப்பினா மத்யமம் எட்டவே மாட்டேங்குது. மேல் ஸ்வரமெல்லாம் சுருதி கூடியும் கேக்குது. எங்க சரி பண்றது?

பதில் 1:
வீல் சுலபம். ஃபைல்ல பெண்ட் அளவு (வீல் எவ்ளோ வளைக்கும்னு) எழுதலன்னா 200 சென்ட்தான் கிடைக்கும் (பக்கத்து கீக்கு 100 சென்ட்), தோடி ரி-லேருந்து மா வரைக்கும் 400 வேணும். பெண்ட்_அப்=500, பெண்ட்_டவுன்=-500 போடுங்க. 1200 எல்லாம் வேணாம், அவ்ளோ தூரம் இழுத்தா நாயனத்தோட குரலே மாறிடும்.

பதில் 2:
"பேன்" போகணும்னா ரெண்டு குரூப் எழுதுங்க. ட்ரிக்கர்=ஃபர்ஸ்ட் (வேற கீ எதுவும் அழுத்தாதப்ப) குரூப்ல முழு சாம்பிள், ட்ரிக்கர்=லெகாட்டோ (முன் கீய விடாம அடுத்தது அழுத்தறப்ப) குரூப்ல அதே சாம்பிள் ஆஃப்செட்=9600, அதாவது முதல் 200 மில்லிசெகண்ட் தாண்டி ஆரம்பிக்கும், கூடவே ஆம்பெக்_அட்டாக் (சத்தம் ஏற எடுக்கிற நேரம்) 0.05 செகண்ட் வச்சா முனை தெரியாது. பழைய ஸ்வரம் நிக்க ஆஃப்_பை மறக்காதீங்க.

சுருதிக்கு, சீவாளி (வாயில வச்சு ஊதுற நாணல்) ஈரம் ஏற ஏற நகரும், மூச்சு அழுத்தினாலும் கூடும். எடுக்கும்போது அவர் காதுல சுருதி ஓடுச்சா?

கேட்டவர்:
இல்லண்ணே, மைக்ல ஏறிடும்னு சுருதிப் பெட்டி போடல. நீங்க சொன்ன ரெண்டு குரூப் போட்டுப் பாத்தேன், ஸ்வரம் கோத்து வருது, ரொம்ப நன்றி! ஆனா தோடி காந்தாரம் மட்டும் சைரன் மாதிரி இருக்கு.

பதில் 2:
ஹெட்போன்ல சுருதி குடுத்து மறுபடி எடுங்க தம்பி. டியூனர் பாத்து எல்லாத்தையும் கீபோர்டு சுருதிக்கு இழுத்துடாதீங்க, ஷட்ஜத்தோட சேர்ற சுத்தமான அந்தர காந்தாரம் கீபோர்டுல இருக்கறத விட 14 சென்ட் கம்மி.

பதில் 3:
சைரன் வர்றதுக்குக் காரணம், வீல் சுருதிய மட்டும்தான் நகர்த்துது. வித்வான் கமகம் புடிக்கிறப்ப விரல் துளைய பாதி திறக்குது, உதடும் மூச்சும் மாறுது, சத்தமும் நாதமும் கூடவே அசையுது, அத செட்டிங்கால மட்டும் முழுசா கொண்டுவர முடியாதுங்க. சங்கராபரணத்துல நின்னு பேசுற காந்தாரத்துக்கு உங்க நீட்டின சாம்பிள் போதும், தோடிக்கு அந்த அசைவையே அவரை வாசிக்கச் சொல்லி மெதுவா ஒண்ணு, நடு வேகத்துல ஒண்ணுன்னு எடுத்து கீஸ்விட்ச்ல (சாம்பிள மாத்துற தனி கீ) வைங்க. மைக்க அணசுக்கு (நாயனத்தோட விரிஞ்ச கீழ் வாய்) நேரா வைக்காம துளைகள் பக்கமா மூணு அடி தள்ளி வைங்க, நாதம் அங்கேருந்தும் வருது.

இன்னொண்ணு, வெளியிடப் போறீங்கன்னா அவருக்கு எவ்ளோ பங்கு, பேர் எங்க வரும்னு இப்பவே எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. அந்த காந்தாரம் அவரோடது.

கேட்டவர்:
கண்டிப்பா எழுதிடறேன். தோடி முடிச்சதும் ஃபைல இங்கயே போடறேன், கேட்டுட்டு சொல்லுங்க.