யுனெஸ்கோ மரபுப் பாதுகாப்பு விருது: திருப்பணி முடிந்த கோயிலுக்கு விண்ணப்பிக்கலாமா?

செங்கல்சூளை கேட்டது:
சோழர் காலத்துச் சிறிய கற்கோயில். மேல்தளத்தில் இருந்த சிமென்ட் பூச்சைப் பெயர்த்துவிட்டு சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளக் கலவை) போட்டாயிற்று. மதிலுக்குச் சுண்ணாம்புக் காரை பூசி, கும்பாபிஷேகமும் முடிந்தது. ஊரார், உபயதாரர் பணம்தான் பெரும்பகுதி. ஆசிய-பசிபிக் விருதுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். தகுதி என்ன? எதைப் பார்ப்பார்கள்?

கல்தச்சன்:
2000-லிருந்து யுனெஸ்கோவின் பாங்காக் அலுவலகம் கொடுத்துவரும் விருது இது. கட்டடத்துக்கு 50 வயதாவது ஆகியிருக்க வேண்டும். வேலை கடந்த 10 ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். முடிந்த பிறகு ஓராண்டாவது புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அதனால் கும்பாபிஷேகம் ஆன கையோடு அனுப்பாதீர்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை போகட்டும். தளம் ஒழுகுகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

தனியார் முயற்சி, அல்லது அரசும் தனியாரும் சேர்ந்த முயற்சி, இரண்டும் செல்லும். உபயதாரர் பணத்தில் நடந்த திருப்பணி இதில் அடங்கும். உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்தை முதலில் வாங்கி வையுங்கள். அறநிலையத் துறைக் கோயில் என்றால் கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

திருச்சூர் வடக்குநாதன் கோயிலுக்கு 2015-ல் எக்ஸலன்ஸ் கிடைத்தது, இந்த விருதில் அதுதான் உச்சப் படி. ஸ்ரீரங்கம் 2017-ல் மூன்றாம் படியான மெரிட் வாங்கியது. கும்பகோணம் பக்கத்துத் துக்காச்சி ஆபத்சகாயேஸ்வரர் கோயில் எக்ஸலன்ஸுக்கு அடுத்த படியான டிஸ்டிங்ஷன் வாங்கியிருக்கிறது. பெரிய கோயில்தான் வாங்கும் என்றில்லை.

காரைக்கலவை:
மேலே சொன்னது வாசல்படி மட்டும். விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் ஆவணத்தில். வேலைக்கு முன், நடுவில், பின் என மூன்று படமும் ஒரே இடத்தில் நின்று எடுத்ததாக இருக்க வேண்டும். பெரும்பாலான திருப்பணிகளில் “முன்” படமே இருக்காது, சாரம் கட்டிய பிறகுதான் கேமரா வரும். அளவெடுத்த வரைபடமும் வேண்டும்.

அடுத்தது, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பது. “சிமென்டை எடுத்தோம்” என்று எழுதினால் போதாது. சிமென்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. மதில் அடியில் ஏறும் ஓதம் (தரையிலிருந்து வரும் ஈரம்) உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்துவிடும். அதைப் படத்தோடு காட்டுங்கள். சிமென்ட் செங்கலோடு கெட்டியாக ஒட்டிய இடத்தில் உளி வைத்தால் செங்கல் முகமும் சேர்ந்து வரும். அங்கே விட்டுவைத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். என் கணக்கில் அந்த ஒரு பத்தி பத்து வண்ணப் படத்துக்குச் சமம்.

காரையின் கலவையையும் குறியுங்கள். நீற்றிய சுண்ணாம்பு 1, மணல் 3 என்றால் அதையே. காரையில் சேர்த்த கடுக்காய், வெல்லம் எத்தனை நாள் ஊறியது என்பதையும். பூசியபின் குறைந்தது இரண்டு வாரம் நனைத்த சாக்கு போட்டு வைத்தீர்களா? காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும். சீக்கிரம் காய்ந்தால் மேலே முடி போல மெல்லிய வெடிப்பு விழும், கையால் தேய்த்தால் மாவாக வரும்.

செங்கல்சூளை:
ரொம்ப நன்றி ஐயா. தளத்துக்குத் தனியாக ஏதாவது காட்ட வேண்டுமா?

காரைக்கலவை:
நீர்வாட்டம், அதாவது மழைநீர் ஓடுவதற்கான சரிவு. 5 அடிக்கு ஓர் அங்குலம் இருந்தால் நல்லது. சுருக்கியைக் கட்டையால் அடிக்கும்போது கட்டை எகிறித் துள்ளி, தளத்தில் பள்ளம் விழாத நிலை வரை அடித்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திய இடம் மழையில் காட்டிக்கொடுக்கும். மழைநீர் வெளியேறும் தூம்பு வாய் ஒவ்வொன்றும் கிட்டத்தில் தெரியும்படி படமெடுங்கள்.

கல்தச்சன்:
ஒன்று விட்டுப்போயிற்று. கல்லைச் சுத்தம் செய்யும்போது மணல் பீய்ச்சி அடித்திருந்தால் அந்த இடமே விண்ணப்பத்துக்குப் பாதகமாகும். கல்லின் மேல்தோல் போய்விடும், கல்வெட்டு எழுத்தின் விளிம்பு மழுங்கும். அதிட்டானத்துக் குமுதப் பட்டையில் (கோயில் அடித்தளத்தில் புடைத்து ஓடும் கல்வரிசை) எழுத்து இருந்தால் வேலைக்கு முன் அதைத் தாளில் மை ஒற்றிப் படி எடுத்தீர்களா என்று பாருங்கள். ஸ்ரீரங்கத்தில் பின்னாளில் ஏறிய கட்டுமானங்களை அகற்றியதும், பழைய மழைநீர் வடிகாலை மீட்டதும் பேசப்பட்டன. உங்கள் பிராகாரத்தில் சிமென்ட் தரையோ டைல்ஸோ இன்னும் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். தரை மூச்சுவிடாவிட்டால் ஓதம் முழுக்க மதிலுக்குத்தான் போகும், புதுக் காரையும் ஓரிரு வருஷத்தில் உதிரும்.

செங்கல்சூளை:
டைல்ஸ் இருக்கிறது, தெற்குப் பிராகாரத்தில். கல்வெட்டுக்குப் படி எடுத்ததா என்று ஸ்தபதியிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.