பயோமார்க்கரைத் தமிழில் எப்படி எழுதுவது?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். கடுமையான ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கு 'பயலாஜிக்' (உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் மருந்து) ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பயோமார்க்கருக்கு (நோயின் நிலையை அறிய ரத்தத்திலோ மூச்சிலோ அளக்கும் பொருளுக்கு) 'உயிர்க்குறிப்பான்', ஊசிக்கு 'உயிரியல் மருந்து' என்று எழுதியிருக்கிறேன். ஒரே வரியில் இரண்டு உயிர்; படிப்பவர் உயிருக்கே ஆபத்தென்று பயந்துவிடுவார். வேறு சொல் உண்டா?

தமிழாசிரியர்:
'குறிப்பான்' எதிர்கால வினைமுற்று. யார் குறிப்பான், எப்போது குறிப்பான்? 'உயிர்க்குறி' என்றால் காலும் கொம்பும் நினைவுக்கு வரும். 'சுட்டி'யைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். திசைகாட்டி, ஆள்காட்டி வரிசையில் 'அழற்சிகாட்டி' எனலாம். முயல் முயற்சியானதுபோல அழல் அழற்சியானது. தீ உள்ளேயே இருக்கிறது. அப்படியே ஈசினோஃபிலையும் பார்த்துவிடுவோம். இயோசின் சாயத்தை ஏற்பதால் ஜெர்மன் மருத்துவர் எர்லிக் 1879இல் கண்டுசொன்ன வெள்ளை ரத்த அணு. இயோஸ் கிரேக்கத்தில் வைகறை. ஆகவே 'வைகறையணு'.

நுரையீரல் மருத்துவர்:
ஐயா, வைகறையணு என்றால் நோயாளி எழுந்து போய்விடுவார். 'ஈஸ்னோபீலியா' டீக்கடையில்கூடப் புரியும்.
'காட்டி'யில்தான் எனக்குச் சிக்கல். ஒமாலிசுமாப் என்ற ஊசி போட்டபின் ரத்தத்தில் மொத்த ஐஜிஇ (ஒவ்வாமையில் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) ஏறும். மருந்தோடு ஒட்டிய ஐஜிஇ மெதுவாகத்தான் வெளியேறும். வழக்கமான சோதனை அதையும் சேர்த்தே எண்ணும். மருந்து வேலை செய்யும்போதே எண் கூடுகிறது! டுபிலுமாப் ஊசியில் மூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு (மூச்சுக்குழாய் அழற்சியை அறிய அளப்பது) இறங்கும், ஆனால் சிலருக்கு ஈசினோஃபில் கொஞ்ச நாள் ஏறும். மெபோலிசுமாப் ஊசியில் ஈசினோஃபில் சரியும், நைட்ரிக் ஆக்சைடு பெரிதாக அசையாது. எந்த ஊசி என்று தெரியாமல் எந்த எண்ணையும் படிக்க முடியாது. 'காட்டி' என்று எழுதினால், ஐஜிஇ ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஊசியையே நிறுத்திவிடுவார்கள். 'அழற்சி அளவு' போதும்.

யாழ்ப்பாண வாசகர்:
எங்களிடம் ஆஸ்துமா 'தொய்வு'. 'முட்டு' என்றும் சொல்வோம். தலைப்பில் அதையும் சேர்த்தால் இங்கேயும் படிப்பார்கள். மற்றபடி மருத்துவர் சொன்னதே எனக்கும் சரி.

தமிழாசிரியர்:
தொய்தல் தளர்தலல்லவா? மூச்சுத் தளர்வைச் சொல்லும் அருமையான சொல். தொய்வு, தோய்வு இரண்டுக்கும் உறவுண்டா என்று...

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, நாளை மறுநாள் வெள்ளி. 'அழற்சி அளவு' என்றே போடுகிறேன். தலைப்பில் 'ஆஸ்துமா, தொய்வு' இரண்டும் வரும். ஐஜிஇ ஏறுவதைப் பெட்டிச் செய்தியாக்குகிறேன்.

தமிழாசிரியர்:
போடுங்கள், ஆனால் என் மறுப்பும் இருக்கட்டும். 'அழற்சி அளவு' ஆறாம் வேற்றுமைத்தொகை, அழற்சியினது அளவு. ஐஜிஇயோ ஒவ்வாமையின் எதிர்ப்பொருள். அது அழற்சியை அளப்பதே இல்லையே, மருத்துவரே?