தடிக் கட்டையைச் சிறு விறகாக்குவது: அவரவர் அனுபவம்

கட்டை பெரிதாக இருந்தால் பெரும்பாலும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: நட்டநடுவில் ஓங்கி ஒரு போடு. கோடாலி பாதி இறங்கி மாட்டிக்கொள்ளும். அப்புறம் அதைப் பிடுங்குவதே தனி வேலை.

என்னோடு விறகு பிளந்த பெரியவர் ஒருவர் நடுப்பக்கமே போகமாட்டார். முதலில் அறுத்த முகத்தைக் கையால் துடைத்துப் பார்ப்பார். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தால், அதே கோட்டில், விளிம்போரமாக முதல் அடி. வெடிப்பே இல்லாத தடிக் கட்டை என்றால் ஓரத்திலிருந்து நான்கு விரல் கனத்துக்குச் சுற்றிச் சுற்றிச் சீவி எடுப்பார். கட்டை சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சும் நடுத்துண்டு இரண்டு அடிக்குத் தாங்காது. கணு இருந்தால் அந்த முனை கீழே போகும், கணு இல்லாத முனையில்தான் அடி. கிளை பிரியும் கவைக் கட்டையை அவர் தொடவே இல்லை, ஓரமாக உருட்டிவிட்டார். அவ்வளவு மெலிந்த மனுஷன், ஆனால் மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

பிளக்கும் கட்டையை நிறுத்த அடியில் போடும் அடிக்கட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம் என்பதும் அவர் சொன்னதுதான். பிளக்கும் கட்டையை அதில் நம் பக்கத்து விளிம்பில் வைக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்த வேண்டும். குறி தவறினாலும் கோடாலி அடிக்கட்டையில்தான் இறங்கும், கெண்டைக்காலுக்கு வராது.

—

டயரை யாரும் சொல்லவில்லையே! பழைய கார் டயரை அடிக்கட்டை மேல் போட்டு, கட்டையை அதற்குள் நிறுத்திப் பிளக்கிறேன். துண்டுகள் சிதறாமல் உள்ளேயே நிற்கின்றன. குனிந்து பொறுக்கி மறுபடி நிறுத்தும் வேலை மிச்சம். ரப்பரில் பட்டால் கோடாலி துள்ளும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீ மூட்டும் சன்னக் குச்சிக்கு நான் கோடாலியை வீசுவதே இல்லை. துண்டை நிறுத்தி, கைக்கோடாலியின் வாயை அதன் தலையில் வைத்துப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தில் மரச் சுத்தியலால் தட்டுகிறேன். துண்டு சாய்ந்தால் இன்னொரு குச்சியால் முட்டுக் கொடுப்பேன், விரலால் அல்ல. வேகம் குறைவுதான், ஆனால் நினைத்த கனத்துக்கு வரும்.

—

மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் எப்போது பிளப்பது என்பது விட்டுப்போயிற்று. பல மரங்கள் பச்சையாக இருக்கும்போதே சுலபமாகப் பிளக்கும், காய்ந்தபின் இறுகிவிடும். பிளந்து அடுக்கினால் சீக்கிரம் காயவும் செய்யும். முழு உருளையாகக் கிடந்தால் பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் புகையாமல் எரியும். அதனால் அறுத்த கையோடு பிளப்பதுதான் என் பழக்கம்.

புளி மாதிரி நார் முறுக்கிக்கொண்ட மரத்துக்கு இதெல்லாம் எடுபடாது. அதற்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும்தான். ஆப்பின் தலை அடி வாங்கி வாங்கி மடிந்து விரிந்திருந்தால் முதலில் அதைத் தேய்த்து எடுங்கள், சம்மட்டி படும்போது சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். கோடாலியையே ஆப்பாக வைத்து இரும்பால் அடிக்கவும் வேண்டாம். காம்பு நுழையும் ஓட்டை விரிந்துவிடும், பிறகு எத்தனை முளை அடித்தாலும் தலை ஆடிக்கொண்டே இருக்கும்.