அடுக்குமாடி வாழ்த்துப் பலகை: பண்டிகையின் பெயரைச் சொல்வதா, ‘பண்டிகைக்கால நல்வாழ்த்துகள்’ போதுமா?

செயலாளர்_மேடவாக்கம்:
96 வீடுகள் உள்ள குடியிருப்பு. இந்துக்கள் அதிகம். கிறிஸ்தவர், இஸ்லாமியர் வீடுகளும் கணிசமாக உண்டு. சமணர், சீக்கியர் சில வீடுகள். எந்தப் பண்டிகையும் கொண்டாடாத பகுத்தறிவாளர்களும் இருக்கிறார்கள். கேட்டில் ஃபிளெக்ஸ், லிஃப்ட் பக்கம் அறிவிப்புப் பலகை, வாட்ஸ்அப் குழு என மூன்று இடங்களில் சங்கத்தின் பெயரில் வாழ்த்து போடுகிறோம். மதம் சார்ந்த பெயரே வேண்டாம், எல்லாவற்றுக்கும் ‘பண்டிகைக்கால நல்வாழ்த்துகள்’ என்று ஒரே வாசகம் போதும் என்று செயற்குழுவில் பாதிப் பேர். அந்தந்தப் பண்டிகையைப் பெயர் சொல்லியே வாழ்த்த வேண்டும் என்று மீதிப் பேர். செலவு பராமரிப்பு நிதியில் போகிறது. வாசகம், நேரம், படம் எல்லாவற்றுக்கும் யோசனை சொல்லுங்கள்.

சங்கவிதி:
பெயரைச் சொல்லுங்கள். பெயரை எடுத்துவிட்டால் யாருக்கும் வருத்தம் இருக்காது என்று நினைப்போம், நடப்பது வேறு. தொலைக்காட்சியில் விநாயகர் சதுர்த்தி அன்று ‘விடுமுறை தின சிறப்பு நிகழ்ச்சிகள்’ என்று போட்டது எத்தனை வருடம் பேச்சாக இருந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். யாருடைய பண்டிகையோ அவருக்கு அந்த வாழ்த்து வாழ்த்தாகவே போய்ச் சேரவில்லை.

இதைவிட மோசம், ஒரு பண்டிகைக்குப் பெயர் சொல்லி இன்னொன்றுக்குச் சொல்லாமல் விடுவது. அக்டோபரில் ‘தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்று ஆறடிக்கு மூன்றடி ஃபிளெக்ஸ். டிசம்பரில் கிறிஸ்துமஸும் ஜனவரி 1-ம் சேர்த்து ‘பண்டிகைக்கால வாழ்த்துகள்’ என்று ஒரு ஏ4 தாள். போட்டவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் கட்டாயம் கவனிக்கும்.

வாசகத்திலும் அதே சாய்வு நுழையும். தீபாவளிக்கு ‘நம் குடியிருப்பினர் அனைவருக்கும்’, பெருநாளுக்கு மட்டும் ‘நம் இஸ்லாமியச் சகோதர சகோதரிகளுக்கு’. இரண்டாவதைப் படிக்கும்போது வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம், விருந்தாளிகள் ஒரு பக்கம் என்றாகிவிடுகிறது. ‘கொண்டாடும் அனைவருக்கும்’ என்று போடுவதென்றால் எல்லாப் பண்டிகைக்கும் போடுங்கள். அப்படிப் போட்டால் கொண்டாடாதவர்களையும் இழுத்துப் போட்டதாக இராது. எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

பொதுநிதி:
நான் இதற்கு எதிர்ப்பக்கம். பராமரிப்புக் கட்டணம் தண்ணீருக்கும் லிஃப்டுக்கும் காவலாளிக்கும் கொடுக்கும் பணம். அதிலிருந்து எந்த மதத்துக்கும் செலவு போகக்கூடாது. எட்டுப் பண்டிகைக்குப் போட்டால் ஒன்பதாவது ஏன் இல்லை என்று கேட்பார்கள். மகாவீர் ஜெயந்தியை விட்டுவிட்டீர்கள், ஓணத்தை விட்டுவிட்டீர்கள் என்று தொடங்கினால் முடிவே இராது.

சங்கவிதி:
பணத்தைப் பற்றிச் சொல்வது நியாயம். அதற்காகத்தான் வாழ்த்தையும் வழிபாட்டையும் பிரித்துத் தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். வாழ்த்து சங்கத்தின் செலவு. அளவு, இடம், எத்தனை நாள் இருக்கும் என்பதெல்லாம் எல்லாப் பண்டிகைக்கும் ஒன்றே. ஆயுத பூஜை, கிறிஸ்துமஸ் குடில், இஃப்தார் ஆகியவை விரும்புவோர் தனியாக வசூலித்துச் செய்வது. அதற்குத் தனி நோட்டு, தனிக் கணக்கு. பொதுக்கூடம் முன்பதிவு செய்தவருக்கு.

பட்டியல் பிரச்சினைக்கு வழி: வருடத் தொடக்கத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரு படிவம். ‘பலகையில் எந்த நாள் இடம்பெற வேண்டும்?’ என்ற கேள்வி மட்டும் இருக்கட்டும், மதம் என்ன என்று கேட்க வேண்டாம். ஒரே ஒரு வீடு எழுதினாலும் அந்த நாள் பட்டியலில் சேரும். கேட்டில் கட்டும் ஃபிளெக்ஸை அடியோடு நிறுத்திவிட்டு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் என்று ஆக்கினால் ஒன்பது என்ன, பதினைந்து வந்தாலும் செலவு ஒரு பொருட்டே இல்லை.

பொது வாசகத்துக்கும் இடம் உண்டு. ஊழியர்களுக்குப் போனஸ் கொடுக்கும் உறையிலும், வருடக் கடைசியில் போகும் கணக்கறிக்கையிலும் எந்தப் பண்டிகையையும் குறிக்காமல் ‘நல்வாழ்த்துகள்’ என்றால் சரியாக இருக்கும். அங்கே எதையும் மறைக்கவில்லையே.

ஃபிளெக்ஸ்_டிசைனர்:
படத்தில்தான் அதிகம் சிக்கல் வரும். சாமி படம், சிலுவையில் ஏசு, குர்ஆன் வசனம் எதையும் அச்சடிக்காதீர்கள். மதச்சார்பின்மைக்காக மட்டும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தாள் குப்பைத் தொட்டிக்குப் போகும். ஃபிளெக்ஸ் என்றால் யாராவது தண்ணீர்த் தொட்டிக்கு மேல் போர்த்துவார்கள். பிள்ளையார் முகம் அப்படிக் கிடந்தால் பக்தருக்கு மனம் நோகும். அகல்விளக்கு, நட்சத்திரம், பிறை, கரும்பு போதும். நபிகளின் உருவம் என்று எதையும் தேடி எடுத்துவிடவே கூடாது.

கதையையும் விட்டுவிடுங்கள். தீபாவளிக்கு ‘நரகாசுரன் அழிந்த நாள்’ என்று எழுதினால் உங்கள் கட்டடத்து வட இந்தியர்களுக்கு அது ராமர் அயோத்தி திரும்பிய நாள், சமணர்களுக்கு மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள், பகுத்தறிவாளருக்கு அசுரன் கதையே ஒப்பாது. ‘தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்று விளக்குப் படத்தோடு நிறுத்தினால் எல்லோருக்கும் பொருந்தும்.

அரபி எழுத்து சேர்க்க ஆசைப்பட்டால் எச்சரிக்கை. மத்தியகிழக்கு மொழி அமைப்பு போடாத ஃபோட்டோஷாப்பில் ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாக உடைந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். படிக்கத் தெரிந்தவர் பார்த்து முகம் சுளிப்பார். ‘ஈத் முபாரக்’ என்று தமிழிலேயே எழுதுங்கள்.

கேட்டுக்கு வெளியே சாலையைப் பார்த்துக் கட்டுவதானால் உள்ளாட்சி அனுமதி வேண்டும். உள்பக்கமே கட்டுங்கள்.

பிறைக்கணக்கு:
நாள் குறிப்பதில் நடக்கும் பிழைகளைச் சொல்கிறேன்.

இஸ்லாமிய ஆண்டு நாம் புழங்கும் ஆண்டைவிட 10, 11 நாள் குறைவு. பெருநாள் வருடாவருடம் முன்னே நகரும். போன வருடத் தேதியைப் பார்த்துப் போடவே முடியாது. காலண்டரில் அச்சிட்ட தேதியும் உத்தேசம்தான். 29-ஆம் நோன்பு மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் அதற்கும் அடுத்த நாள். தலைமை காஜி அறிவித்த பிறகு வாட்ஸ்அப்பில் போடுங்கள். வளைகுடாவில் பெரும்பாலும் ஒரு நாள் முந்தி வரும். அங்கிருந்து வந்த ஃபார்வர்டை நம்பிப் போட்டால், இங்கே நோன்பு வைத்திருப்பவருக்குப் பெருநாள் வாழ்த்துப் போய்விடும்.

நோன்பு தொடங்கும் நாளில் ‘ரமலான் முபாரக்’. முடிந்ததும் ‘நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்’. பக்ரீத்துக்கு ‘தியாகத் திருநாள் வாழ்த்துகள்’. ஆடு, கத்தி படம் வேண்டாம். மீலாது நபியை எல்லா முஸ்லிம்களும் கொண்டாடுவதில்லை. உங்கள் வீடுகளில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வாழ்த்தே கூடாத நாள்கள் இரண்டு. அரசு விடுமுறை வரும் முஹர்ரம் பத்தாம் நாள், கர்பலாவில் இமாம் ஹுசைன் உயிர்நீத்த நாள். புனித வெள்ளி, ஏசு சிலுவையில் மாண்ட நாள். இரண்டுக்கும் ‘ஹேப்பி’ போட்டு ஆட்டோ ஷெட்யூலில் அனுப்பும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. விடுமுறைப் பட்டியலை அப்படியே வாழ்த்துப் பட்டியலாக மாற்றுவதால் வரும் வினை இது. அன்று ‘அலுவலகம் மூடியிருக்கும்’ என்ற அறிவிப்பு போதும். கிறிஸ்தவர்களுக்கு வாழ்த்து ஞாயிற்றுக்கிழமை, ஈஸ்டருக்கு.

வாட்ஸ்அப் பற்றி ஒன்று. அட்மின் மட்டும் பதிவிடும் அறிவிப்புக் குழுவில் போடுங்கள். திறந்த குழுவில் போட்டால் ஒவ்வொருவரும் பதில் வாழ்த்துச் சொல்கிறாரா என்று கணக்குப் பார்க்கத் தொடங்குவார்கள். பிற மதப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வதில்லை என்று நம்பிக்கையால் ஒதுங்கியிருப்பவர் எல்லா மதத்திலும் உண்டு. அவரை அந்த இக்கட்டில் நிறுத்த வேண்டாம்.

தை_சித்திரை:
பொங்கலையும் ஏப்ரல் 14-ஐயும் யாரும் தொடவில்லை.

தமிழ்நாட்டில் எல்லோரையும் சேர்க்கும் வாழ்த்து என்றால் பொங்கல்தான். தேவாலய வளாகங்களிலும் பானை வைக்கிறார்கள். ஆனால் அதோடு ‘தமிழ்ப் புத்தாண்டு’ என்று சேர்த்தால் வேறு சண்டை வரும். 2008-இல் தை முதல் நாளே புத்தாண்டு என்று சட்டம் வந்தது, 2011-இல் அது நீக்கப்பட்டது. இரண்டு பக்கத்துக்காரர்களும் உங்கள் கட்டடத்தில் இருப்பார்கள். ‘பொங்கல், சங்கராந்தி வாழ்த்துகள்’ என்று போட்டால் தெலுங்குக் குடும்பங்களும் சேர்ந்துகொள்வார்கள். சீக்கியருக்கு லோஹ்ரி அதற்கு முந்தின நாள்.

ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள். அம்பேத்கர் பிறந்தநாள், 2022 முதல் தமிழ்நாட்டில் சமத்துவ நாள். மலையாளிகளின் விஷு அன்றோ மறுநாளோ. சீக்கியரின் பைசாகி அதை ஒட்டி. ஒரே தாளில் நான்கையும் ஒரே எழுத்தளவில் போடுங்கள். ஒன்றைப் பெரிதாகவும் மற்றதை அடியில் சிறிதாகவும் போட்டால் அதற்கே தனி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அகர வரிசையில் அம்பேத்கர் பிறந்தநாள், சித்திரை, பைசாகி, விஷு என்று வந்துவிடும். யார் முதலில் என்ற கேள்வியும் எழாது.