ப்ரொஃபிநெட் லைனில் கேமரா சேர்த்ததும் டிரைவ் டிராப் ஆகிறது, எங்கே பார்ப்பது?

கேள்வி: வணக்கம். ப்ரொஃபிநெட் (ஈதர்நெட்டில் ஓடும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு நெட்வொர்க்) லைன். பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோலர்) முதல் சுவிட்சில், ஆறு விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) இரண்டாவது சுவிட்சில். நடுவே 100 எம்பிபிஎஸ் அப்லிங்க், ஃபைபர் மீடியா கன்வெர்ட்டர் (காப்பர் கேபிளை ஃபைபருடன் இணைக்கும் பெட்டி) வழியாக. அப்டேட் டைம் 2 மில்லி செகண்ட், வாட்ச்டாக் (அதற்குள் டேட்டா வராவிட்டால் டிரைவ் நிற்கும்) 3 சைக்கிள். முதல் சுவிட்சில் நான்கு ஐபி கேமரா மாட்டினோம், என்விஆர் (கேமரா வீடியோவைப் பதியும் பெட்டி) இரண்டாவதில். அன்றிலிருந்து டிரைவ்கள் கம்யூனிகேஷன் லாஸ் காட்டி நிற்கின்றன. முதல் சுவிட்சின் அப்லிங்க் போர்ட்டில் லேட் கொலிஷன் எண் ஏறுகிறது. பேட்ச் கார்டு மாற்றியாச்சு. பிங் சுத்தமாகப் போகிறது.

பதில் 1: லேட் கொலிஷன் (தாமதமான மோதல்) ஏறுகிறதென்றால் அந்த போர்ட் ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அனுப்பும் முறை) ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பும் ஃபுல் டூப்ளெக்ஸில் மோதலே கிடையாது. கன்வெர்ட்டரின் டிப் சுவிட்சைப் பாருங்கள், 100 ஃபுல் என்று கட்டாயப்படுத்தியிருப்பார்கள். எதிர்முனை ஆட்டோ (வேகம், டூப்ளெக்ஸை இரு முனையும் பேசி முடிவு செய்வது) பேசாதபோது சுவிட்ச் வேகத்தை மட்டும் கண்டுபிடிக்கும். டூப்ளெக்ஸ் தெரியாததால் ஹாஃபில் விழும். கன்வெர்ட்டரோ லைன் காலியா என்று பார்க்காமல் அனுப்பும். 64 பைட் போன பிறகு மோதினால் அது லேட் கொலிஷன்; சாதாரண மோதல் மாதிரி ஹார்டுவேர் அதைத் திரும்ப அனுப்பும் என்று நம்ப முடியாது, ஃபிரேம் போனது போனதுதான்.

பிங்கை நம்பாதீர்கள். ஒருவர் கேட்டு ஒருவர் பதில் சொல்வதால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்புவது அபூர்வம். இரண்டு முனையும் ஆட்டோவில் வையுங்கள். முடியாவிட்டால் இரண்டையும் 100 ஃபுல்லில் பூட்டுங்கள். ஒன்றை மட்டும் பூட்டுவதுதான் வினை.

கேட்டவர்: அதேதான் சார், கன்வெர்ட்டர் 100 ஃபுல்லில் இருந்தது. ஆட்டோவுக்கு மாற்றியதும் எண் நின்றுவிட்டது. டிராப் குறைந்திருக்கிறது, ஆனால் முழுசாகப் போகவில்லை. கேமரா ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ், மொத்தமே 16தானே?

பதில் 2: 16 என்பது சராசரி. ஐ-ஃபிரேம் (வீடியோவின் முழுப் படம்) வரும்போது கொத்தாக வரும். ஒன்று 75 கிலோபைட் என்று வையுங்கள், நான்கும் ஒரே நேரத்தில் வந்தால் 300 கிலோபைட். நான்கு 100 எம்பிபிஎஸ் போர்ட்டிலிருந்து 6 மில்லி செகண்டில் உள்ளே வந்துவிடும். அதற்குள் அப்லிங்கில் வெளியேறுவது 75 மட்டும். மீதி 225 வரிசையில் நிற்கும், அது கழிய 18 மில்லி செகண்ட். உங்கள் வாட்ச்டாக் 3 சைக்கிள், அதாவது 6 மில்லி செகண்ட்தான். மோதல் போய் நெரிசல் மிச்சம்.

ப்ரொஃபிநெட் ஆர்டி (ரியல் டைம்) ஃபிரேம் விஎல்ஏஎன் டேகில் (ஈதர்நெட் ஹெட்டரில் சேரும் குறி) முன்னுரிமை 6 என்று எழுதிக்கொண்டுதான் வருகிறது, சுவிட்ச் அதை மதிக்க வேண்டும். க்யூஓஎஸ்ஸில் (முன்னுரிமை அமைப்பு) டிஎஸ்சிபி (ஐபி ஹெட்டரில் உள்ள முன்னுரிமைக் குறி) மட்டும் நம்பும்படி வைத்திருந்தால் பயனில்லை. இந்த ஃபிரேமில் ஐபி ஹெட்டரே கிடையாது. 802.1பி டிரஸ்ட் (விஎல்ஏஎன் டேகின் முன்னுரிமையை நம்புவது), ஸ்ட்ரிக்ட் பிரயாரிட்டி (உயர் முன்னுரிமை எப்போதும் முதலில்) இரண்டையும் இரண்டு சுவிட்சிலும் வையுங்கள். கேமரா போர்ட்டுகளில் வரும் ஃபிரேம்களின் முன்னுரிமையை 0 ஆக்கிவிடுங்கள். அப்புறம் அதிகபட்சக் காத்திருப்பு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு முழு ஃபிரேம் முடியும்வரைதான், சுமார் 123 மைக்ரோ செகண்ட்.

ஃப்ளோ கன்ட்ரோலை எல்லா போர்ட்டிலும் அணையுங்கள். பாஸ் ஃபிரேம் (சற்று அனுப்பாதே என்று எதிர்முனை சொல்வது) வந்தால் 6-ஆம் முன்னுரிமையும் சேர்ந்துதான் நிற்கும். பலர் கோட்டை விடும் இடம் இது.

கேட்டவர்: டிரஸ்ட் டிஎஸ்சிபியில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். டிஎஸ்என் (நேரம் குறித்து ஃபிரேம் அனுப்பும் ஈதர்நெட்) சுவிட்ச் வாங்கச் சொல்கிறார்கள், தேவையா?

பதில் 2: 2 மில்லி செகண்டுக்கு வேண்டாம். டிஎஸ்என்னின் 802.1க்யூபிவி நேர வாசல் (குறித்த நேரத்தில் மட்டும் திறக்கும் வரிசை) வைக்க எல்லாச் சாதனமும் 802.1ஏஎஸ் கடிகாரத்தில் ஒத்து ஓட வேண்டும். வாசல் திறக்குமுன் ஒரு முழு ஃபிரேம் அளவு காலி விட வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸில் அதுவே 123 மைக்ரோ செகண்ட். 250 மைக்ரோ செகண்ட் சைக்கிளில் பாதி அதற்கே போய்விடும், அதனால்தான் ஃபிரேமை நடுவில் வெட்டும் 802.1க்யூபியூ வந்தது. சர்வோ அச்சுகள் பல ஒன்றோடொன்று ஒத்து ஓடுமிடத்தில் அந்தச் செலவு தகும். அந்தப் பணத்தில் அப்லிங்கை கிகாபிட் ஆக்குங்கள், 123 மைக்ரோ செகண்ட் என்பது 12.3 ஆகும். கன்வெர்ட்டரும் கிகாபிட்டாக இருக்க வேண்டும்.