பைதன் புதிய பதிப்புகளின் மாற்றங்களைத் தமிழில் ஆவணப்படுத்துவது எவ்வாறு?

கேள்வி: மல்லாவி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். துணுக்காய்ப் பகுதியில் க.பொ.த. உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பித்து வருகிறேன். எமது கணினி ஆய்வுகூடத்தில் விண்டோஸ் 7 இயங்கும் பழைய கணினிகளும் பின்னர் கிடைத்த புதிய கணினிகளும் அருகருகே உள்ளன. பைதன் நிரல்மொழியின் 3.9 பதிப்பு முதல் விண்டோஸ் 7க்கு ஆதரவு இல்லை என்பதால் பழையவை 3.8உடன் நின்றுவிட்டன, புதியவற்றில் 3.13 நிறுவியுள்ளோம். இதனால் ஒரு மேசையில் ஓடும் நிரல் அடுத்த மேசையில் ஓடுவதில்லை. ஒரு பெறுமானத்தைப் பல வடிவங்களுடன் ஒப்பிட்டுக் கிளைபிரிக்கும் மாட்ச் கூற்று 3.10இல்தான் வந்தது. மாறிகளின் பெறுமானங்களை உள்ளே இட்டு எழுதும் எஃப்-சரம் ஒன்றை இரட்டை மேற்கோளுக்குள் எழுதிவிட்டு, அதன் உள்ளேயும் அதே இரட்டை மேற்கோளைப் பயன்படுத்துவது 3.12 முதல் செல்லும், 3.8இல் அது தொடரியல் வழு. வீட்டில் புதிய பதிப்பில் எழுதிக் கொண்டுவரும் பிள்ளை, தான் கற்றது பிழையோ என்று ஐயுறுகிறது.

ஆகவே 3.8இலிருந்து 3.13 வரையான மாற்றங்களை நல்ல தமிழில் தொகுத்து, அயற்பாடசாலை ஆசிரியர்களுக்கும் பயன்படுமாறு அச்சிட்டுக் கொடுக்க விரும்புகிறேன். ஒவ்வொரு பதிப்புடனும் வெளிவரும் அதிகாரபூர்வ மாற்றப் பக்கத்தை முழுமையாக மொழிபெயர்ப்பதா, தெரிந்தெடுத்து எழுதுவதா? பதிப்பு வாரியாக அடுக்குவதா, பாட அலகு வாரியாக அடுக்குவதா? இனிமேல் நீக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டு இன்றும் இயங்கிக்கொண்டிருப்பவற்றை மாணவருக்குச் சொல்லத்தான் வேண்டுமா? அனுபவமுள்ளோர் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: வவுனியா நிரலாளர்

முழுப் பக்கத்தையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அது எல்லா வகைப் பயனர்களுக்காகவும் எழுதப்படுவது. 3.13இல் பெப் 594இன்படி (பெப் என்பது பைதன் மேம்பாட்டு முன்மொழிவு) 19 மொடியூல்கள், அதாவது பைதனுடன் வரும் ஆயத்த நிரற்றொகுதிகள், நீக்கப்பட்டன. டெல்நெட், பழைய ஒலிக்கோப்பு வடிவங்கள், யூனிக்ஸ் கடவுச்சொற் கோப்பு என அவற்றுட் பெரும்பாலானவற்றை உங்கள் மாணவர் எவரும் தொடப் போவதில்லை. சிஜிஐ மொடியூலைக் கொண்டு வலைப்படிவம் செய்து காட்டும் பழைய பாடக்குறிப்பு இருந்தால் அதற்கு ஒரு வரி போதும்.

நான் பராமரிப்பவை பிஎச்பியில் எழுதப்பட்ட தளங்கள். அம்மொழியின் கையேடு பதிப்புதோறும் இடம்பெயர்வு வழிகாட்டி ஒன்றைத் தருகிறது. அதில் புதிய வசதிகளுக்கு ஒரு பக்கமும், பழைய நிரலைப் பாதிக்கும் மாற்றங்களுக்கு வேறொரு பக்கமும், கைவிடப்படவிருப்பவற்றுக்கு இன்னொன்றும் உண்டு. நான் முதலில் திறப்பது எப்போதும் இரண்டாவதையே. 2020 நவம்பரில் வெளியான 8.0 பதிப்பில், பூச்சியம் என்ற எண்ணை வெறும் எழுத்துகளாலான ஒரு சரத்துடன் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடும்போது, அதுவரை மெய் என்று வந்த விடை பொய் என மாறியது. அங்கே நிரல் நிற்பதில்லை, வழுச்செய்தியும் வருவதில்லை, விடை மட்டுமே மாறுகிறது. இத்தகைய ஓசையற்ற மாற்றங்களையே ஆவணத்தின் தொடக்கத்தில் வையுங்கள். நின்றுபோன நிரலைத் தேடிப் பார்க்க எவருக்கும் தோன்றும். பிழையான விடையுடன் ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத் தேட எவருக்கும் தோன்றாது.

பைதனில் இதற்கு நிகரானவை பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறியபோது நிகழ்ந்தவை. 7ஐ 2ஆல் வகுத்தால் முன்னர் 3, இப்போது 3.5. 2.5ஐ முழுதாக்கினால் முன்னர் 3, இப்போது 2. பைதன் 2.7க்கான ஆதரவு 2020 ஜனவரி 1உடன் முடிந்துவிட்டதாயினும், அதற்காக எழுதிய குறிப்புகள் இன்றும் கைமாறிக்கொண்டிருப்பதால் இவ்விரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

பதில் 2: அறிவியல்நகர் வாசகர்

முன்னையவர் கூறியதுடன் உடன்படுகிறேன். தமிழில் தரவு கையாள்வோருக்கு மிக நெருக்கமான ஒரு மாற்றத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் தொகுப்பு 3.13உடன் முடிந்தாலும் அது இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

விண்டோஸில் குறிமுறையை (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையை) குறிப்பிடாமல் ஓப்பன் சார்பினால் ஓர் உரைக்கோப்பைத் திறந்தால், பைதன் அக்கணினியின் வட்டார அமைப்பில் உள்ள குறிமுறையையே எடுத்துக்கொள்கிறது. ஆங்கில அமைப்பிலுள்ள கணினிகளில் அது வழமையாக மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான சிபி-1252 ஆகும். அதில் தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. ஆகவே மாணவர் பெயர்ப் பட்டியலைத் தமிழில் கோப்பில் எழுதும் நிரல் லினக்ஸில் குறையின்றி ஓடி, விண்டோஸில் வழுவுடன் நிற்கும். பெப் 686இன்படி 3.15 முதல் எல்லாத் தளங்களிலும், தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் கொள்ளும் யூடிஎஃப்-8 இயல்புநிலைக் குறிமுறையாகிறது. எமக்கு இது மிக வரவேற்கத்தக்கது.

ஆயினும் இதே மாற்றம் பழைய கோப்புகளைப் பாதிக்கும். பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்டுப் பழைய குறிமுறையில் சேமித்த உரைக்கோப்புகள் எமது அலுவலகங்களிலும் சங்கங்களிலும் இன்னும் உள்ளன. அவ்வாறான கோப்பில் ஆஸ்கி எனும் அடிப்படை ஆங்கிலக் குறித்தொகுதியின் எல்லைக்கு வெளியே உள்ள குறி ஒன்று இருந்தாலும், இதுவரை அதை வாசித்து வந்த நிரல் 3.15இல் தடைப்படலாம். ஆகவே இந்தப் பதிவை “யூடிஎஃப்-8 இயல்புநிலையாகிறது” என்ற ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. புதிதாக எழுதுபவர் யூடிஎஃப்-8 என்று இன்றே வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்பதும், பழைய கோப்பை வாசிப்பவர் அதன் உண்மையான குறிமுறையைக் குறிப்பிட வேண்டும் என்பதும் ஒருங்கே எழுதப்பட வேண்டும். குறிமுறை விடுபட்ட இடங்களைக் காட்டும் எச்சரிக்கை ஒன்று 3.10 முதல் உள்ளது. ஆனால் இயக்கும்போது நாமே அதைக் கோரினால்தான் தோன்றும்.

அடுக்குமுறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆசிரியருக்குப் பாட அலகு வாரியாகவே தேவைப்படும்: சரங்கள், கோப்புகள், கட்டுப்பாட்டுக் கூற்றுகள் என்று பிரியுங்கள். பதிப்பெண் ஒவ்வொரு பதிவின் முதற் சொல்லாக இருக்கட்டும்.

வழுச்செய்திகளும் மாறியுள்ளன. மூடப்படாத அடைப்புக்குறிக்கு 3.8 அடுத்த வரியையோ கோப்பின் முடிவையோ குறை கூறும், 3.10 முதல் அடைப்புக்குறி திறந்த இடத்தையே காட்டுகிறது. நிரலின் போக்கில் மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், இரு கணினிகளில் இரு செய்திகளைக் காணும் மாணவருக்கு இதுவும் ஒரு மாற்றமே.

பதில் 3: முள்ளியவளை

கைவிடப்படவிருப்பவற்றைக் கட்டாயம் சொல்லுங்கள். பெப் 387இன்படி பொதுவாக ஒரு வசதி நீக்கப்படுமுன் குறைந்தது இரண்டு பதிப்புகளில் எச்சரிக்கை வர வேண்டும், 3.9 முதல் ஆண்டுக்கொரு பதிப்பு வருவதால் கால எல்லையைக் கணக்கிடுவது எளிது. நிரற்பொதிகளைக் கட்டி நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் 3.10இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டு, 2023 ஒக்டோபரில் வந்த 3.12இல் நீக்கப்பட்டது.

இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறக்குமுன் எந்நேரம் திறக்கும், எப்பகுதியினர் அகல வேண்டும் என்பவற்றை அறிவித்தால்தான் தாழ்நிலத்தில் உள்ளவர்களுக்குப் பயன் உண்டு. அதுபோல் எப்பதிப்பில் அறிவிக்கப்பட்டது, எப்பதிப்பில் மறையும், அதற்குப் பதிலாக எதை எழுதுவது என்ற மூன்றும் ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டும். மறையும் பதிப்பு முடிவாகாதிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

உங்கள் மாணவர்கள் உடனே சந்திக்கக்கூடியது பின்சாய்வுக் கோடு. விண்டோஸ் கோப்புப் பாதையைச் சாதாரண சரமாக எழுதும்போது, பின்சாய்வுக் கோட்டின் பின்னால் பொருளற்ற எழுத்து வந்தால், 3.6 முதல் பெரும்பாலும் கண்ணிற்படாத ஓர் எச்சரிக்கை இருந்தது, 3.12இல் அது திரையில் தெளிவாகத் தோன்றும் தொடரியல் எச்சரிக்கையாகியது. பிற்பாடு வழுவாக்கும் எண்ணமும் அறிவிக்கப்பட்டுள்ளது. முன்னே r இட்டு மூல சரமாக எழுதினால் மூன்று நிலைகளிலும் சிக்கல் இல்லை.

கேட்டவர்: மல்லாவி ஆசிரியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அலகு வாரியாக அடுக்கவும், ஓசையற்ற மாற்றங்களை முதற் பக்கத்தில் வைக்கவும் முடிவு செய்துள்ளேன். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சிறு நிரலை 3.8இலும் 3.13இலும் ஓட்டிப் பார்த்து, இரண்டு விளைவுகளையும் அருகருகே அச்சிடுவேன். ஓட்டிப் பார்க்காத எதையும் சேர்க்கமாட்டேன். மாதிரிக்கு ஒரு பதிவு:

“3.15 முதல். கோப்புகள். குறிமுறை குறிப்பிடாமல் திறக்கும் உரைக்கோப்பு யூடிஎஃப்-8 எனக் கொள்ளப்படும். தமிழில் எழுதும் எந்த நிரலிலும் யூடிஎஃப்-8 என்று இப்போதே குறிப்பிடுக. கணினியின் பழைய வட்டாரக் குறிமுறையே தேவையெனில் லொகேல் என்ற பெறுமானத்தைக் கொடுக்க.”

3.15 என்னிடம் இல்லாததால், 3.13இல் யூடிஎஃப்-8ஐ இயல்புநிலையாக்கும் யூடிஎஃப்-8 முறை என்ற தெரிவை இயக்கி இதைச் சோதிப்பேன்.

பதில் 4: அறிவியல்நகர் வாசகர்

யூடிஎஃப்-8 முறையில் சோதிப்பது பொருத்தமானதே; 3.15 இயல்பாக்குவதும் அதே முறையைத்தான். பதிவின் இறுதி வாக்கியத்தில் மட்டும் ஒரு திருத்தம் தேவை. லொகேல் என்ற பெறுமானம் 3.10இல்தான் சேர்க்கப்பட்டது, உங்கள் விண்டோஸ் 7 கணினிகளில் உள்ள 3.8 அதை அறியாத குறிமுறை என்று கூறி நிறுத்திவிடும். இரு வகைக் கணினிகளிலும் ஓட வேண்டிய நிரலில் சிபி-1252 என்று பெயரையே குறிப்பிடுமாறு எழுதுங்கள், லொகேல் “3.10 முதல்” என்ற குறிப்புடன் அதன் கீழே வரட்டும்.