ஸ்கேனில் 8 வாரம், கணவர் வந்து 6 வாரம்: இந்தக் குழப்பம் உங்கள் வீட்டிலும் வந்ததா?

என் தங்கை கணவருக்குக் கப்பலில் வேலை. லீவில் வந்து 6 வாரம் ஆகியிருந்தபோது முதல் ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 8 வாரம் என்று போட்டிருந்தது. அவர் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் காலண்டரை ஒவ்வொரு தாளாகப் பின்னால் புரட்டிப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். இரவெல்லாம் அழுகை.

மறுநாள் டாக்டர்தான் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். கரு உருவான நாள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள் தெரியும். அதனால் கர்ப்ப வாரத்தை அங்கிருந்துதான் எண்ணுகிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்குச் சுமார் 14ஆம் நாள்தான் கருமுட்டையே வெளிவரும். ஆக, 8 வாரக் கர்ப்பம் என்றால் கருவுக்கு வயது ஏறக்குறைய 6 வாரம். ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து சொல்லும் வாரத்திலும் இந்த 2 வாரம் சேர்ந்தேதான் இருக்கும். இதை ரிப்போர்ட்டிலேயே ஒரு வரி அச்சடித்துக் கொடுக்கக் கூடாதா? கர்ப்பிணிப் பெண் எதற்கு இப்படி அழ வேண்டும்?

* * *

எனக்கு நேர் எதிராக நடந்தது. தேதிப்படி 8 வாரம், ஸ்கேனில் 6 வாரம்தான். குழந்தை வளரவில்லையோ என்று பயந்தே போனேன். எனக்கு மாதவிடாய் எப்போதும் தள்ளித்தான் வரும். சுழற்சி 35 நாள் என்றால் முட்டை வெளிவரவே 21ஆம் நாள் பக்கம் ஆகிவிடுமாம். அதற்கும் மேல் நீண்டால் இன்னும் தாமதம். அடுத்த ஸ்கேனில் துடிப்பு நன்றாகத் தெரிந்தது, பிரசவ தேதியையும் மாற்றி எழுதினார்கள். 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் தேதி கணிக்க நம்பகமானது. அப்போதும் ஒரு வாரம் வரை முன்னே பின்னே இருக்கலாம்.

* * *

நாங்கள் ஐவிஎஃப், அதாவது லேபில் கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கருவுற்ற நாள் எங்களுக்குத் துல்லியமாகத் தெரியும், ஆனாலும் ஃபைலில் 2 வாரம் கூட்டித்தான் எழுதினார்கள். இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் சேர்ந்த நாளை வைத்துச் சண்டை போடாதீர்கள். விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டைக்கு ஒரு நாள்தான் ஆயுள். சேர்ந்த நாள் ஒன்று, கரு உருவான நாள் வேறு என்பது சகஜம். ஒரே வாரத்தின் இரண்டு நாட்களில் எது என்று எந்த ஸ்கேனாலும் பிரித்துச் சொல்ல முடியாது. தகப்பன் யார் என்பதுதான் கேள்வி என்றால் அதற்கு டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது, காலண்டர் இல்லை.